ஒரே நீல லேசர்: விரித்த கற்றையா, குவித்த கற்றையா?

கரைசலில் ஒளியால் வேதிவினை நடத்தும்போது எழும் கேள்வி இது. ஒரு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) நடக்கும் வினைக்கு இந்தக் கேள்வியே பெரிதல்ல. மொத்த ஃபோட்டான் எண்ணிக்கை மாறாதவரை விளைச்சலும் ஏறத்தாழ மாறாது. முதல் ஃபோட்டானால் உருவான இடைநிலை (குறுகிய ஆயுளுள்ள மூலக்கூறு நிலை), அணைவதற்குள் இரண்டாவதையும் உறிஞ்ச வேண்டிய வினையில்தான் கணக்கு வேறு: குறைந்த ஒளிச்செறிவில் வினையின் வேகம் அந்தச் செறிவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப உயரும்.

கற்றையின் விட்டத்தைக் குவிவில்லையால் பத்தில் ஒன்றாக்கினால் செறிவு 100 மடங்கு. ஒளிபடும் பகுதியில் வேகம் 10,000 மடங்கு. ஆனால் அந்தப் பகுதியின் கன அளவு நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆக, நிகர லாபம் 100 மடங்கு. அதுவும் காகிதத்தில்தான்! இடைநிலை நிறைவடையத் தொடங்கியதும், அதாவது ஒளியைக் கூட்டினாலும் அதன் அளவு கூடாத நிலை நெருங்கியதும், இருமடி உறவு தளர்ந்துவிடும்.

விரித்த கற்றையில் இடைநிலை பெரும்பாலும் ஒற்றை ஃபோட்டான் பாதையிலேயே செலவாகும். அந்த விளைபொருள்தான் தேவையென்றால் இதுவே நல்லது, வெப்பத் தொல்லையும் குறைவு.

குவித்ததில் தவறுகள் அதிகம். குவியம் குவெட்டின் (கரைசல் உள்ள சிறு ஒளிபுகு கலத்தின்) சுவரில் விழக்கூடாது, கரைசலுக்குள் விழ வேண்டும். கரைசல் அடர்த்தியாக இருந்தால் ஒளி முன்பக்கத்திலேயே தீர்ந்துவிடும், நீர்க்க வைக்கவும். கலக்காவிட்டால் குவியத்தில் வினைபொருள் தீர்ந்து, ஒளியை உறிஞ்சும் வினையூக்கி வெளுக்கும். ஆக்சிஜன் வினையூக்கியின் மும்மை நிலையை (ஒளியால் கிளர்ந்த நிலையை) அணைக்கும், ஆகவே முதலில் ஆர்கான் செலுத்தவும்.

இரு ஃபோட்டான்தானா என்று அறிய, ஒளிச்செறிவைப் பாதியாக்கும் வடிகட்டியை வைத்துத் தொடக்க வேகத்தை அளக்கவும். கால்வாசியானால் ஆம், பாதியானால் ஒற்றை ஃபோட்டான், அல்லது நிறைவு நிலை. எது என்று பிரிக்க, இன்னும் மங்கிய ஒளியில் மறுபடி அளக்கவும்.