திருச்சியில் அப்பாவின் வீட்டை விற்றோம்: லண்டன் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

2025 ஜனவரியில் திருச்சியில் இருந்த அப்பாவின் வீட்டைக் கிரயம் செய்து கொடுத்தோம். லண்டன் திரும்பியதிலிருந்து நண்பர்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான். எத்தனை வாரம் லீவு போட வேண்டும்? வரி எவ்வளவு பிடிப்பார்கள்? பணத்தை இங்கே கொண்டுவர விடுவார்களா? யாரும் கேட்காத ஒன்றுதான் எங்கள் வேலையில் அதிக நாளைத் தின்றது: கிரயப் பத்திரத்தில் யார் யாருடைய கையெழுத்து வேண்டும்?

இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அந்த உரிமைக்கு அரசே பொறுப்பு. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்து கொடுக்கிறார். விற்றவருக்கு விற்கும் உரிமை முழுமையாக இருந்ததா என்று அவர் உத்தரவாதம் தருவதில்லை. அதை வாங்குபவரின் வக்கீல்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) ஒவ்வொன்றாகப் படித்துத் தேட வேண்டும். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அது வருவாய்த் துறைக் கணக்கு. பத்திரத்தின் இடத்தை அது பிடிக்காது. அதனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஊரில் ஒரு நல்ல சிவில் வக்கீலிடம் பத்திர நகல்களை அனுப்பி லீகல் ஒப்பீனியன் வாங்கிவிடுங்கள். வாங்குபவரின் வக்கீல் கேட்கப் போவதை நம் வக்கீல் முதலிலேயே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவாகியிருக்கும் பத்திரங்களின் பட்டியல், பார்ப்பது இப்போது எளிது. பதிவுத் துறையின் இணையதளத்தில் லண்டனில் உட்கார்ந்தபடியே இலவசமாகப் பார்த்தேன். அப்பா இடம் வாங்கியது 1986இல். கணினியில் 1975 வரை பின்னோக்கி விவரம் கிடைப்பதால் எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதில் அப்பா கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் கடன் வாங்கியபோது எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம் அப்படியே நின்றது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது, சங்கம் கொடுத்த கடிதமும் அம்மாவின் பீரோவில் இருந்தது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தை யாரும் பதியவில்லை. பதியாதவரை வில்லங்கத்தில் அந்த அடமானம் போகாது. சங்கத்துக் கணக்கில் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து, செயலாளர் வந்து ரசீது எழுதிக் கொடுக்கும்வரை வாங்குபவர் அட்வான்ஸே தரவில்லை. அவர் செய்தது சரிதான். உங்கள் அப்பா அம்மா சங்கத்திலோ வங்கியிலோ கடன் வாங்கிக் கட்டிய வீடு என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இனி கையெழுத்து விஷயம். அப்பா 2009இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, நான், டொராண்டோவில் இருக்கும் தங்கை ஆகிய மூவரும்தான் வாரிசு என்றே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "அப்பா இறந்தப்ப உங்க அப்பாயி உயிரோட இருந்தாங்களா?" இருந்தார்கள். அப்பாவைப் பெற்ற அப்பாயி 2014இல்தான் காலமானார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு. ஆக அப்பாயிக்கு நாலில் ஒன்று. அப்பாயியும் உயில் எழுதவில்லை. அந்தக் கால் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகிறது: சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, இறந்துபோன அப்பாவின் இடத்தில் எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்று. வீட்டை 24 பங்காக வைத்தால் அம்மாவுக்கு 6, எனக்கு 7, தங்கைக்கு 7, சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் தலா 2.

நம் குடும்பங்களில் இது எவ்வளவு பேருக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். மகன் முன்னால் போய்ப் பெற்றவள் பின்னால் போன வீடுகள் ஏராளம். அங்கெல்லாம் சித்தப்பா, பெரியப்பா, அத்தைமார் பங்கு சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உறவு நன்றாக இருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும். அவர்களில் ஒருவர் காலமானால் அவர் பிள்ளைகள் அத்தனை பேரும் கையெழுத்துக்கு வர வேண்டியிருக்கும். எங்கள் சித்தப்பா, "அண்ணன் கட்டின வீட்டுல எனக்கென்னப்பா பங்கு?" என்றுதான் முதலில் சொன்னார். வக்கீலும் நானும் உட்கார்ந்து விளக்கிய பிறகு அவரும் அத்தையும் விற்பவர்களாகவே பத்திரத்தில் சேர்ந்தார்கள். அவரவர் பங்குக்கான தொகை அவரவர் வங்கிக் கணக்குக்கே போனது. அது அவர்களுக்கு உரிய பணம்.

தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ்கள் இரண்டு வேண்டும், அப்பாவுக்கு ஒன்று, அப்பாயிக்கு ஒன்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகப் போகும். பெயர் எழுத்தில் கவனம் வையுங்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது, பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கித்தான் பத்திரத்தில் சேர்த்தார்கள்.

தங்கையால் வர முடியவில்லை. அவள் டொராண்டோவில் இந்தியத் துணைத் தூதரகத்தில் எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுத்தாள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்தோம். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும் என்பதால் கிரயத்தின்போது அவளுக்கு உயிர்வாழ் சான்றும் கேட்டார்கள். அது புதியதாக இருக்க வேண்டும் என்பதால் பதிவுத் தேதி உறுதியான பிறகே வாங்கச் சொல்லுங்கள்.

பதிவு நாளைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். பத்திர எழுத்தர் ஆன்லைனில் விவரம் ஏற்றி, கட்டணம் கட்டி, டோக்கன் வாங்கி வைத்திருந்தார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் வாங்குபவர் செலவு. உள்ளே போனதும் போட்டோ, கைரேகை, சாட்சிகள் இருவர். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கை. கட்டை விரல் கருவியில் விழவே இல்லை. அங்கிருந்த பெண் ஊழியர் எழுந்து வந்து, ஈரத் துணியால் அத்தையின் விரல் ஒவ்வொன்றையும் துடைத்து, தன் கையாலேயே மெதுவாக அழுத்திப் பிடித்து ஆள்காட்டி விரலில் ரேகை எடுத்தார். பின்னால் வரிசை நின்றும் அவர் அவசரப்படவில்லை. சார்பதிவாளர் அத்தையிடம் தனியாக, "என்ன பத்திரம்னு தெரியுமாம்மா? பணம் வந்துடுச்சா?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே ஒப்புக்கொண்டார். வயதானவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று அன்று நேரில் பார்த்தேன்.

வரிதான் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கழுத்தைப் பிடிக்கும். ஊரில் இருக்கும் அம்மாவின் பங்குக்கு 1 சதவீதம் டி.டி.எஸ். (வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி), அவ்வளவுதான். என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) விற்றால் கணக்கே வேறு. 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு (சொத்தை விற்றதில் கிடைத்த லாபத்துக்கு) 12.5 சதவீதம், அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரி. சேர்த்தால் 13, வரிக்குரிய மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்னும் மிகைவரியும் உண்டு. பழைய வீட்டுக்கு 20 சதவீத வரியோடு பணவீக்கச் சரிக்கட்டல் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளூர்க்காரர்களுக்குத்தான், நமக்கு இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல், வாங்குபவர் பயத்தில் ஆதாயத்துக்குப் பதிலாக முழு விலைக்கும் வரி பிடித்துவிடுவார். உங்கள் பங்கு 30 லட்சம், ஆதாயம் 18 லட்சம் என்றால் 2,34,000 பிடிக்க வேண்டிய இடத்தில் 3,90,000 போய்விடும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, குறைந்த வரிப் பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கலாம். ஆடிட்டர் மூலம் விண்ணப்பித்தோம், வாரக்கணக்கில் ஆனது. ஆகவே கிரய ஒப்பந்தம் போட்ட கையோடு இதைத் தொடங்குங்கள்.

ஆதாயத்தைக் கணக்கிட அப்பா வாங்கிய விலையைக் காட்ட வேண்டியதில்லை, 2001 ஏப்ரல் 1 நிலவரப்படி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அந்த மதிப்பு அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. உங்கள் பான் செயலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆதார் இணைக்காத பான் முடங்கியிருக்கலாம். வருமான வரித் தளத்தில் என்.ஆர்.ஐ. என்று பதிந்தால் அது உயிர்பெறும், முடங்கிய பானுக்குப் பிடித்தம் அதிகம்.

பணம் என்.ஆர்.ஓ. கணக்கில்தான் (என்.ஆர்.ஐ.க்கள் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) விழும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம், நாங்கள் அனுப்பியபோது அதற்கு 15சிஏ படிவமும் ஆடிட்டர் சான்றான 15சிபி படிவமும் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் கணக்கு இருந்த கிளையில் இந்தப் படிவங்களைப் பற்றி ஒருவர் சொன்னதை மறுநாள் இன்னொருவர் மறுத்தார். என்.ஆர்.ஐ. பிரிவு தனியாக இருக்கும் பெரிய கிளையாகப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

விற்ற பணத்தில் ஊரிலேயே நிலம் வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். வீட்டு மனையோ ஃபிளாட்டோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை என்.ஆர்.ஐ. விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மனை என்றால் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத பழைய மனைகளை வரன்முறை செய்யும் திட்டம், 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும்தான்.