கொழும்பு வளவில் மினி டில்லர்: சில ஆண்டு அனுபவம்

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதை அடுத்துக் கூட்டெருவை நம்பியே வீட்டுத் தோட்டம் செய்யத் தொடங்கிய நான், அந்த எருவை மண்ணோடு நன்கு கலப்பதற்காக 52 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிய, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் சிறு இயந்திரமான மினி டில்லர் ஒன்றை வாங்கினேன். தெகிவளையில் உள்ள எங்கள் வளவில் மேல்மண் ஒரு சாண்தான். அதன் கீழே சரளை கலந்த கபுக் எனும் இறுகிய செம்மண் கல். காய்ந்தால் மண்வெட்டி துள்ளும், நனைந்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும்.

இந்த இயந்திரத்தின் முழுப் பயனும் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது என்பதே இத்தனை காலப் பாவனையில் நான் உறுதியாகக் கண்டது. ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்கி, விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். உருண்டை உதிர்ந்தால் எஞ்சினை இயக்கலாம். உதிராமல் பள்ளம் மட்டும் விழுந்தால், இன்னும் இரண்டு நாள் காயவிட வேண்டும். ஈர மண்ணைக் கிளறினால் கத்திகள் அதைப் பிசைந்து கட்டியாக்கிவிடும். பிறகு வெயில் ஏறியதும் அந்தக் கட்டிகள் செங்கல்லாக இறுகும். மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் மழை விடாது பெய்வதால், பாத்திகளைப் பெப்ரவரி, மார்ச்சிலும் ஓகஸ்ட் கடைசியிலும் தயார்செய்துகொள்கிறேன்.

முதற் சுற்றில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்குவதில்லை. அடுத்த சுற்றில், பின்னால் உள்ள ஆழக் கம்பியை மண்ணில் அழுத்தினால் இயந்திரம் முன்னே நகரும் வேகம் தணிந்து கத்திகள் ஆழமாக இறங்கும். எங்கள் மண் புளிப்புத் தன்மையுடையது என்பதால் புளிப்பைத் தணிக்கும் சுண்ணாம்பு வகைத் தூளான டொலமைட்டையும் கூட்டெருவையும் அப்போதே தூவிக் கலக்கிறேன். கையால் செய்தால் இவ்வளவு சீராகக் கலக்காது. கத்தரி, வெண்டிப் பாத்திகளில் அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது.

கோரை முளைத்த இடத்தில் மட்டும் இதை ஒருபோதும் ஓட்டாதீர்கள். மண்ணுக்குள் சங்கிலியாகத் தொடுத்திருக்கும் அதன் கிழங்குகளைக் கத்தி துண்டாக்கிப் பரப்பிவிடும். ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். கிழங்கோடு கையால் தோண்டி எடுத்த பின்னரே அங்கே எஞ்சினைக் கொண்டுசெல்ல வேண்டும். தென்னையடியிலும் ஆறடி விலகி நிற்பது நல்லது, ஏனெனில் அதன் ஊட்ட வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன.

பாத்தி ஒருமுறை பொலபொலப்பான பிறகு ஆண்டுதோறும் ஆழமாகக் கிளறுவதை நிறுத்திவிட்டேன். அடிக்கடி கிளறினால் மண்ணின் துகளமைப்பு உடைந்து, கனமழையில் மேற்பரப்பு ஓடு கட்டுகிறது; மண்புழுக்களும் குறைகின்றன. இப்போது கிளிறிசிடியா இலையும் தும்புத்தூளும் மேலே பரப்பி மூடாக்கு இடுகிறேன். புதுப் பாத்தி திறக்கும்போதுதான் இயந்திரம் வெளியே வருகிறது.

பராமரிப்பு கடினமன்று. எனது இயந்திரத்துக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் உராய்ந்து போகும். சரளை கத்தி முனைகளை வேகமாகத் தேய்ப்பதால், வாங்குமுன் மாற்றுக் கத்தி அருகில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்வது அவசியம். வேலை முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, காபரேட்டரில் மிஞ்சியதும் எரிந்து தீரும்வரை ஓடவிடுகிறேன். 2022இல் பெற்றோலுக்கு வரிசை நீண்ட மாதங்கள் முழுதும் ஓடாமல் கிடந்த இயந்திரம், புது எரிபொருள் ஊற்றியதும் சிரமமின்றி இயங்கியதற்கு இதுவே காரணம்.

பத்துப் பேர்ச்சுக்குள் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) வீடும் அடங்கிய வளவானால், வாங்குவதைவிட முதன்முறை மண் திறப்பதற்கு ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.