புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் எந்தத் தமிழ் பைபிள் வாங்கலாம்?

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் புதியவர் கையில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பு (Old Version, சுருக்கமாக ஓ.வி.), அதாவது ஹென்றி பவர் என்பவரின் குழுவினர் திருத்தி 1871-இல் வெளிவந்த நடை. காதுக்கு இதற்கு ஈடில்லை. சங்கீதம் 23-ஐ இதில் மனப்பாடம் செய்தவர்கள் வேறு எதையும் ஏற்கமாட்டார்கள். ஆனால் சொற்பொருள் தெரியாமல் வாசித்துவிட்டு, புரியாததையெல்லாம் ஆவிக்குரிய ஆழம் என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்களுக்கு நேரும் முதல் பிழை.

கலாத்தியர் 5:19-இல் ஓ.வி. ‘மாம்சத்தின் கிரியைகள்’ என்கிறது. வாசிப்பவர் உடல் இச்சையை மட்டும் நினைக்கிறார், சிலர் அசைவ உணவையே நினைக்கிறார்கள். இந்த நிருபத்தை எழுதிய பவுலின் பட்டியலிலோ பகை, கோபம், பொறாமை, பிரிவினை எல்லாம் உண்டு. 1995-இல் வந்த, கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டாருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதை ‘ஊனியல்பு’ என்கிறது. அழகான சொல் அல்ல, ஆனால் தவறான பக்கம் இழுப்பதில்லை. ரோமர் 5:1-இல் ஓ.வி. ‘நீதிமான்களாக்கப்பட்டு’ என்பதைத் திருவிவிலியம் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்ற சொல்லால் சொல்கிறது. இன்றைய பேச்சில் நீதிமான் என்றால் நேர்மையாளர்தானே? அந்தப் பொருளில் வாசித்தால், நம் நேர்மையால் அல்ல, விசுவாசத்தால்தான் கடவுள் ஏற்கிறார் என்ற பவுலின் வாதம் தலைகீழாகிவிடும். ‘ஆயக்காரர்’ என்பவர் வரிதண்டுவோர். மத்தேயு 9:17-இல் வரும் ‘துருத்தி’ கொல்லன் பட்டறைத் துருத்தி அல்ல, திராட்சை ரசம் ஊற்றிவைக்கும் தோற்பை.

திருவிவிலியத்தில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை உண்டு, பத்திகளுக்கு இடைத்தலைப்பும் உண்டு. முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். இடைத்தலைப்பை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், அது மூலத்தில் இல்லாதது. லூக்கா 15-இல் காணாமற்போன மகனைத் தலைப்பில் பார்த்துவிட்டு, வயலிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைய மறுக்கும் மூத்தவனைக் கவனிக்காமல் விடுபவர்கள் ஏராளம். மதச் சட்டத்தில் கண்டிப்பான யூதக் குழுவினரான பரிசேயருக்குச் சொன்ன கதையில் அவன்தான் முக்கியம்.

திருவிவிலியத்தின் பெரிய குறை சபையில் தெரியும். போதகர் ‘சங்கீதம்’ என்பார், கையில் ‘திருப்பாடல்கள்’ இருக்கும். யாத்திராகமம் விடுதலைப் பயணமாகவும், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகளாகவும் இருக்கும். ஒரு மாதம் திணறத்தான் வேண்டும். வாங்கும்போது 66 நூல் பதிப்பா, தோபித்து, மக்கபேயர் போன்றவை சேர்ந்த 73 நூல் கத்தோலிக்கப் பதிப்பா என்று உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் இரண்டும் வாங்கலாம்: ஆராதனைக்கும் மனப்பாடத்துக்கும் ஓ.வி., வீட்டில் புரிந்து படிக்கத் திருவிவிலியம். ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவது. ஜிப் உறை, பொன் விளிம்புக்குச் செலவழிப்பதைவிடப் பெரிய எழுத்துப் பதிப்புக்குக் கொடுப்பது மேல். தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். பென்சில் போதும்.

ஆதியாகமத்தில் தொடங்குபவர்கள் யாத்திராகமம் 25-இல் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கியதும் நின்றுவிடுகிறார்கள். மாற்குவில் 16 அதிகாரம்தான். நாளுக்கு இரண்டு என்றால் எட்டு நாள். பிறகு லூக்கா, அப்போஸ்தலர், ரோமர் என்று போகலாம்.

ஒரு வசனத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எரேமியா 29:11 அட்டையில் நம்பிக்கை தரும். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள்: பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்குச் சொன்னது அது, எழுபது வருஷம் கழிந்த பிறகுதான் திரும்புவார்கள் என்று.