முதுமையில் கால் வலிமைக்கு நடையா, எழுந்து உட்காருவதா?

ஆச்சிக்கு 78 வயது. தினமும் தாமிரபரணிக் கரையின் குறுக்குத்துறைக்கு நடந்தே போவாள். படித்துறையில் ஏற மட்டும் என் தோள் வேண்டும்.

நடை இதயத்துக்கு நல்லது, விடவே கூடாது. ஆனால் முதுமையில் அதிகம் மெலிவது சட்டென்று சுருங்கி விசை தரும் தசை இழைகள். அவற்றை இயக்கும் தண்டுவட நரம்பணுக்களும் குறைகின்றன. சமதள நடை அந்த இழைகளை அவ்வளவாக எழுப்பாது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது எழுப்பும், அதுவும் வேகமாக எழுந்தால். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். கால் வலிமை இரு மடங்குக்கும் மேலானது!

தசைக்கு எழுந்து உட்காருவதுதான் என் தேர்வு. கூடவே பருப்பு, தயிர், சுண்டல். வயதான தசைக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும்.

ஆச்சி இப்போது திண்ணையிலிருந்து பத்துத் தடவை எழுகிறாள். ஏழாவதில் தொடை நடுங்குகிறது, நிறுத்துவதில்லை.