ஸ்வால்பார்டா, லோஃபோட்டனா? வானிலை கெடுத்த நாளை வைத்து ஒரு கணக்கு

ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே போய் மலையேறவும் ஃபியோர்டில் (செங்குத்து மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழையும் கடல்) படகு விடவும் ஒரு கோடைப் பயணம் போட நினைப்பவர்களில் பெரும்பாலோர், கடைசியில் நார்வேயின் இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள். ஒன்று, 78 டிகிரி வடக்கில் லாங்யர்பியனை மையமாகக் கொண்ட ஸ்வால்பார்ட். மற்றது, 68 டிகிரியில் பாலங்களாலும் சுரங்கப் பாதைகளாலும் பெருநிலத்தோடு இணைந்திருக்கும் லோஃபோட்டன். நாங்கள் எடுத்தது லோஃபோட்டன். அந்தச் சாய்வு இந்த அலசல் முழுக்கத் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பனிக்கரடி, வால்ரஸ், கடலில் வந்து முடியும் பனியாறு என்றால் ஸ்வால்பார்டுக்கு ஈடு கிடையாது. கடலிலிருந்து நேராக எழும் பாறை முகடுகள், வெள்ளை மணல், சிவப்பு மீனவர் குடில்கள் என்றால் லோஃபோட்டன். நள்ளிரவுச் சூரியன் இரண்டிலும் உண்டு. லாங்யர்பியனில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, லோஃபோட்டனில் மே கடைசி முதல் ஜூலை நடு வரை. குளிரும் இரண்டிலும் உண்டு, அளவுதான் வேறு. இதையெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால் முடிவுக்கு வரவே முடியாது.

முடிவு செய்யவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வானிலை ஒரு நாளைக் கெடுத்தால், அந்த நாளை நகர்த்தி வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது? இந்த அட்சரேகைகளில் ஒரு வாரம் போனால் இரண்டு நாளாவது கெடும் என்று வைத்துத்தான் திட்டம் போடவேண்டும்.

ஸ்வால்பார்டில் அந்த உரிமை உங்களிடம் இல்லை. லாங்யர்பியனைச் சுற்றி இருக்கும் சாலை எல்லாம் சேர்த்தாலும் 50 கி.மீ. தேறாது. அங்கிருந்து வேறு எந்த ஊருக்கும் சாலை கிடையாது. பேரன்ட்ஸ்பர்க், பிரமிடன் எல்லாமே கோடையில் படகு, பனிக்காலத்தில் ஸ்னோ ஸ்கூட்டர். ஊர் எல்லையில் கரடிப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கும். அதைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் எடுத்துச் செல்லுங்கள் என்பது ஆளுநர் அலுவலகத்தின் அறிவுரை. வெளிநாட்டுப் பயணி துப்பாக்கி வாடகைக்கு எடுக்க அனுமதி வாங்கவேண்டும், சுடவும் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே நடைமுறையில் எல்லாருமே வழிகாட்டியோடுதான் போகிறார்கள். ஊருக்கு மேலேயே தெரியும் பிளாத்தோஃபியெல் மொட்டைமேட்டுக்கு ஏறுவதற்கும் அதே கதைதான்.

கூடாரம் போட்டுத் தங்கலாமே என்று கேட்பவர்கள் அதன் முழு வேலையையும் தெரிந்துகொள்ளவேண்டும். கூடாரத்தைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கவேண்டும். கரடி தட்டினால் வெடிக்கும் சிறு வெடி அதில் கோத்திருக்கும். உயரம் தவறினால் கரடி கம்பிக்கு அடியிலோ மேலோ போய்விடும். ஈரத்திலும் பனியிலும் விசை இறுகிப்போகும். அதனால் கம்பியை மட்டும் நம்பாமல் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து காவல் இருக்கவேண்டும். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு மணி நேரம், இரண்டு பேர் என்றால் தூக்கமே கிடையாது. இது வீண் பயம் என்று ஒதுக்கமுடியாது: 2020 ஆகஸ்டில் லாங்யர்பியன் விமான நிலையத்தை ஒட்டிய முகாம் மைதானத்திலேயே ஒருவர் கரடி தாக்கி இறந்தார்.

இப்படி ஒவ்வொரு வெளிப்பயணமும் முன்பதிவு, குறித்த நேரம், எண்ணிக்கை உள்ள இருக்கைகள் என்று ஆகிவிடுகிறது. ஈஸ்ஃபியோர்டில் காற்று ஏறினால் படகைத் திருப்புவார்கள், அல்லது ரத்து செய்வார்கள். பிரமிடன் பக்கம் போகும் பில்லஃபியோர்டில் கோடைத் தொடக்கத்தில்கூடப் பனிக்கட்டி வழியை அடைத்திருக்கும். பணம் திரும்பி வந்துவிடும், நாள் வராது. ஜூலை, ஆகஸ்டில் மறுநாள் இருக்கை நிரம்பியிருந்தால் மூன்று இரவுத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போச்சு. மிஞ்சுவது அருங்காட்சியகமும் காபிக் கடையும். (அருங்காட்சியகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழையவேண்டும், சுரங்கத் தொழிலாளர் காலத்துப் பழக்கம். நம் ஆட்களுக்கு அது மட்டும் வீடு மாதிரி இருக்கும்.)

லோஃபோட்டனுக்கு வாருங்கள். நார்வேயின் 1957ஆம் ஆண்டு வெளிப்புறச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்கிறது. ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கினால் நில உரிமையாளரைக் கேட்கவேண்டும். கூட்டம் சேரும் கடற்கரைகள் சிலவற்றில் உள்ளூர்த் தடை இருக்கிறது, பலகையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டக் கூடாது. இவ்வளவுதான் விதி. வழிகாட்டி தேவையில்லை, முன்பதிவும் தேவையில்லை.

இதோடு வாடகைக் கார் சேரும்போதுதான் விஷயம் கனமாகிறது. ஸ்வோல்வேரிலிருந்து E10 சாலையின் கடைசி ஊரான ‘ஓ’ வரை சுமார் 130 கி.மீ. காற்று மோதும் பக்கம் மலை மேகத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். ரெய்னெயில் முகடே தெரியாமல் தூறிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் லெக்னெஸ் பக்கம் வெளுத்திருக்கும். காலையில் yr.no தளத்தில் ரெய்னெ, லெக்னெஸ், ஸ்வோல்வேர் மூன்றுக்கும் மணிவாரி முன்னறிவிப்பை அடுத்தடுத்துப் பாருங்கள். காற்று வேகம் அதில் விநாடிக்கு மீட்டரில் இருக்கும். 8ஐத் தாண்டினால் துடுப்புப் படகான கயாக்கை விட்டுவிடுங்கள், 14க்கு மேல் என்றால் முகட்டு நடையையும் விட்டுவிடுங்கள். பிறகு சாலைத் துறையின் வெப்கேமைத் திறந்து மேகம் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சலுகை, சூரியன் மறையாதது. மாலை ஆறு வரை மழை கொட்டினாலும் நாள் போகவில்லை. எட்டு மணிக்குக் கிளம்பி ரீத்தென் (543 மீ.) ஏறி, குவால்விகா கடற்கரையை மேலிருந்து பார்த்துவிட்டு நள்ளிரவு தாண்டி இறங்கலாம், டார்ச் வேண்டாம், பகல் கூட்டமும் இருக்காது. லாங்யர்பியனிலும் இதே வெளிச்சம் உண்டு. ஆனால் அங்கே வழிகாட்டியின் வேலை நேரம் முடிந்திருக்கும்.

மேகம் இறங்கி நாள் முழுக்க அசையவில்லை என்றாலும் செய்வதற்கு இருக்கிறது. ஹாக்லாண்டிலிருந்து உத்தாக்லைவ் வரை கடலோரமாக ஏற்றமில்லாத நடை. நுஸ்ஃபியோர்டு – நெஸ்லாண்ட் கரையோரப் பாதை, கொஞ்சம் பாறை தாண்டவேண்டும். கூரை வேண்டுமென்றால் போர்க் என்ற ஊரில் 83 மீட்டர் நீளத்துக்குத் திரும்பக் கட்டிய வைக்கிங் தலைவன் வீடு.

ஃபியோர்டுக்குள் போக, ரெய்னெயிலிருந்து வின்ஸ்டாடுக்குச் சின்னப் பயணிப் படகு ஓடுகிறது. இறங்கி, தாழ்ந்த கணவாய் ஒன்றைத் தாண்டி மூன்று கி.மீ.க்குள் நடந்தால் புனெஸ் கடற்கரை. பின்னால் ஒரே சுவராகப் பாறை. திரும்பும் கடைசிப் படகு நேரத்தைப் படகில் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அன்று ராத்திரி அங்கேதான், சாலை கிடையாது. கூடாரமும் ஒரு நாள் சாப்பாடும் தோளில் இருந்தால் அதுவும் நல்லதுதான்.

கோளாறுகளும் உண்டு, மறைக்கவில்லை. ரெய்னெபிரிங்கன் (448 மீ.) முழுக்க நேபாள ஷெர்பாக்கள் அமைத்த கல்படிகள், பாதுகாப்பானது என்று நினைத்துச் சாதாரண ஷூவில் ஏறுகிறார்கள். நனைந்த கல் வழுக்கும், முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கும். உச்சியில் தடுப்பு எதுவும் கிடையாது. மொஸ்கெனெஸிலிருந்து பெருநிலத்தில் இருக்கும் பூடெவுக்குப் போகும் கார்ப் படகில் கோடையில் நீண்ட வரிசை நிற்கும், புயலில் படகே ஓடாது. அப்போது ஈவெனெஸ் விமான நிலையத்துக்குத் தீவுகளின் நீளம் முழுக்கச் சுமார் 300 கி.மீ. ஓட்டவேண்டியிருக்கும், ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கார்க் கதவு. காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிடும். வாடகைக் காப்பீடுகள் பல இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. காரின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறக்கவேண்டும்.

சுதந்திரத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்று சொல்ல லோஃபோட்டனில் ஆள் இல்லை. மலைப் பழக்கமே இல்லாத குழுவுக்கு ஸ்வால்பார்டில் நடைமுறையில் தவிர்க்கமுடியாத வழிகாட்டி ஒரு விதத்தில் நல்ல ஏற்பாடுதான். பனிக்காலக் கணக்கும் வேறாக இருக்கக்கூடும். பிப்ரவரி முதல் மே தொடக்கம் வரையான ஸ்னோ ஸ்கூட்டர் பருவத்துக்கு இந்த அலசலை அப்படியே நீட்டமாட்டேன், சொன்னதெல்லாம் கோடைக்கு.

செலவைப் பொறுத்தவரை, ஸ்வால்பார்டில் நார்வேயின் மதிப்புக் கூட்டு வரி கிடையாது என்று மகிழ்வதற்குள் தினப்படி வழிகாட்டிக் கட்டணம் அதை விழுங்கிவிடும். லோஃபோட்டனில் கனமான செலவு காரும் குடிலும்; நான்கு பேர் பகிர்ந்தால் சட்டென்று இறங்கும். வழிகாட்டிக் கட்டணம் தலைக்கு என்பதால் பகிர்ந்தாலும் இறங்காது.

அப்படியும் ஸ்வால்பார்டுதான் என்றால் மூன்று இரவுத் திட்டத்தைக் கிழித்துவிட்டு ஐந்தாக்குங்கள். மிக முக்கியமான படகுப் பயணத்தை முதல் முழு நாளிலேயே போடுங்கள், ரத்தானால் தள்ளிவைக்க நாள் மிச்சம் இருக்கும். கரடியைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவேண்டும்: 2025 முதல் 300 மீட்டர் தள்ளித்தான் இருக்கவேண்டும், மார்ச் முதல் ஜூன் கடைசி வரை 500 மீட்டர். அதனால் பைனாகுலர் அவசியம். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவை (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) இருமுறை நுழைவுக்குக் கேட்டு வாங்கவேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. ஒருமுறை நுழைவு விசாவோடு ஆஸ்லோவிலிருந்து பறந்தால், திரும்ப நார்வேக்குள் நுழைய விசா இருக்காது.