பேசாமல் ஜெபிக்க ஓரிடம்: குளித்தலை சாந்திவனம்

குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையை ஒட்டியுள்ள சச்சிதானந்த ஆசிரமத்தில் மூன்று நாள் தங்கித் திரும்பினேன். சாந்திவனம் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1950-இல் ஜூல் மொன்ஷானென், ஆன்றி லெ சோ என்னும் இரு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமம் இது; ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1968-இல் வந்து, 1993-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த எனக்கு ஜெபம் என்றாலே வாய்விட்டுச் செய்வதுதான். முன்பு நான் போயிருந்த ஒரு தியான இல்லத்தில் விடியுமுன் தொடங்கும் ஒலிபெருக்கி இரவு படுக்கும்வரை ஓயாததால், ஆண்டவரோடு தனியே இருக்க நேரமே வாய்க்கவில்லை.

இங்கே காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் மௌன தியானத்துக்கென்றே விடப்படுகிறது. முதல் நாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோது, மகளின் படிப்பு, அம்மாவின் முழங்கால் வலி, வீட்டுக் கடன் என்று என் வேண்டுதல்கள் எல்லாம் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. மீதி நேரம் தவிப்பாகவே கழிந்தது. கேட்க ஒன்றும் இல்லாத பிறகும் அவர் சமுகத்தில் சும்மா இருப்பது ஜெபம்தான் என்பது இரண்டாம் நாள் மாலைதான் எனக்குப் பிடிபட்டது. இருட்டோடே எழுந்து தனித்த இடத்துக்குப் போன இயேசுவை இத்தனை ஆண்டுகள் வாசித்தும், அவர் அங்கே என்ன செய்திருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆலயம் இந்துக் கோயில் அமைப்பில் கட்டப்பட்டது. மூன்று வேளை வழிபாட்டிலும் வேதாகமத்தோடு உபநிடத வரிகளும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் இடம்பெறுகின்றன. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு தருகிறார்கள். முதல் நாள் என் கை தயங்கியது. உடலைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பதன் அடையாளமே சந்தனம் என்ற விளக்கத்தை அறிந்தபின் மனதார நெற்றியில் இட்டுக்கொண்டேன். மனம் ஒப்பாதவர்கள் இதை அறிந்தே போவது நல்லது.

சாப்பாடு சைவம், தரையில் அமர்ந்து உண்ண வேண்டும். அறைகள் எளியவை. பிரசங்கமும் கூட்டு ஜெபமும் தேடுவோருக்கு இது ஏற்ற இடமன்று. போவதானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, குறைந்தது மூன்று நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் திரும்பினால் அந்த முதல் பத்து நிமிடத்தைத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.