பன்னி, கோழி, செம்மறி: மழை நாளுக்கு எந்தப் படம்?

காலாண்டு லீவுக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் கொடைக்கானல் மலையிலிருக்கிற எங்கள் பூம்பாறைக்கு வந்தால் முதல் நாள் முழுக்க மாட்டுத் தொழுவத்தில்தான் கிடப்பார்கள். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொள்ளும். மழையோடு மூட்டமும் இறங்கினால் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிற திசைகூடத் தெரியாது. வீட்டுக்குள் அடைபட்டு, ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில் சின்னவள் கேட்டாள்: "சித்தி, மாடு, கோழி எல்லாம் பேசுற படம் இருக்கா?"

இருக்கிறது, எக்கச்சக்கமாகவே. அந்த லீவில் நான்கு பார்த்தோம், ஐந்தாவதைப் பாதியில் நிறுத்தினோம். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. ஒரு ஓரமாக உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்துக்கொண்டே எங்க அம்மா. எல்லாம் ஆங்கிலப் படம் என்பதால் வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்கிற வேலை எனக்கு.

நிறுத்திய படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-ல் வந்த 'பார்ன்யார்ட்'. கதாநாயகன் ஓட்டிஸ் ஒரு காளை. பேசுகிறான், இரண்டு காலில் நடக்கிறான், கூத்தடிக்கிறான். எல்லாம் சரி, வயிற்றுக்குக் கீழே கொழுகொழுவென்று பால்மடி தொங்குகிறது. அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டு, "இது பசுவா, காளையா?" என்றாள். காளை என்றேன். "அப்ப அது என்ன?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. வருஷக்கணக்காகப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற வீட்டில் அந்தப் படம் அதற்குமேல் ஓடவில்லை. மிருகம் பேசுவதை அம்மா நம்பத் தயார், காளைக்கு மடி இருப்பதை மட்டும் நம்ப மாட்டாள். மற்ற நான்கையும் நான் எடைபோட்டது இந்தத் தராசில்தான்.

'பேப்' 1995-ல் வந்த ஆஸ்திரேலியப் படம். செம்மறி மேய்க்கக் கற்றுக்கொள்கிற ஒரு பன்னிக்குட்டியின் கதை. டிக் கிங்-ஸ்மித் எழுதிய சிறுவர் நாவல் மூலம், கிறிஸ் நூனன் இயக்கம். நிஜ மிருகங்களோடு இயந்திரப் பொம்மைகளையும் கணினியில் அசைத்த வாய்களையும் கலந்து எடுத்தார்கள். அந்த வருஷத்து ஆஸ்கரில் விஷுவல் எஃபெக்ட்ஸ் பரிசுக்கு இதோடு மோதியது 'அப்பல்லோ 13'. ராக்கெட் தோற்றது, பன்னி ஜெயித்தது.

அம்மாவுக்கு முதலில் புரியாதது நாய்தான். எங்கள் பக்கம் நாய் என்றால் காவலுக்கு. ஆட்டை ஓட்டுவதும் மடக்குவதும் ஆளுடைய வேலை. நாய் ஆடு மேய்க்கும், அதற்கு ஒரு போட்டி நடக்கும், மார்க் போடுவார்கள் என்று விளக்குவதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. ஆனால் படத்தின் அடிப்படை அவளுக்கு உடனே பிடிபட்டது. மிருகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, மனுஷன் காதில் அது விழுவதில்லை. பண்ணைக்காரர் ஹாகெட் கடைசிவரை பன்னியின் ஒரு வார்த்தையைக்கூடக் கேட்பதில்லை. அதன் நடத்தையைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார். அவரும் அதிகம் பேசாத ஆள். "உங்க தாத்தா மாதிரி" என்று பிள்ளைகளிடம் சொன்னாள் அம்மா.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆடுகள் மடையர்கள் என்பது நாய்களின் நம்பிக்கை. நாய்களுக்கு ஒரு எழவும் தெரியாது என்பது ஆடுகளின் நம்பிக்கை. அதனால் இரண்டும் சந்திக்கும்போது எதிராளிக்குப் புரியட்டும் என்று ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகின்றன. சீசன் நேரத்தில் கீழேயிருந்து வருகிற சிலர் எங்களிடம் வழி கேட்பது இப்படித்தான். நாங்களும் அதே வேகத்தில் பதில் சொல்வோம்.

கத்தியை இந்தப் படம் மறைப்பதே இல்லை. பன்னி எதற்காக வளர்க்கப்படுகிறது என்பதைப் பூனை வந்து நேராகவே சொல்லிவிடுகிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு வாத்து போகிறது. சேவல் வேலையைச் செய்தால் தன்னை அறுக்க மாட்டார்கள் என்று இன்னொரு வாத்து விடியற்காலையில் கூரை ஏறிக் கூவுகிறது. சிரித்துக்கொண்டிருந்த பெரியவள் அந்த வாத்து ஏன் கூவுகிறது என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டாள்: "இத்தன மாசம் ஓடுது கதை, பன்னி வளரவே இல்லையே?" உண்மை. பன்னிக்குட்டி வாரத்துக்கு வாரம் பெருக்கும் என்பதால் மாற்றி மாற்றி 48 குட்டிகளை நடிக்க வைத்தார்கள். அதைச் சொன்னேன். "சரி, வளந்ததெல்லாம் எங்க போச்சு?" என்றாள். நான் இன்னொரு டீ போடப் போய்விட்டேன்.

'சார்லட்ஸ் வெப்' இதற்கு நேர்ப் பங்காளி. அதிலும் பன்னிக்குட்டிதான், அதிலும் கத்திதான். ஈ.பி.ஒயிட்டின் நாவல் 1952-ல் வந்தது. 1973-ல் கார்ட்டூன் படமானது, 2006-ல் நிஜ மிருகங்களை வைத்து எடுத்தார்கள். நாங்கள் பார்த்தது பிந்தையது. ஈற்றில் சவலையாய்ப் பிறந்த குட்டியைக் கொல்லக் கோடாலியோடு போகிற அப்பாவை ஃபெர்ன் என்ற சிறுமி மறிக்கிறாள், குட்டிக்கு வில்பர் என்று பெயர் வைக்கிறாள். பிறகு சார்லட் என்ற தொழுவத்துச் சிலந்தி தன் வலையில் வார்த்தைகளைப் பின்னி அவனைக் காப்பாற்றுகிறது. ஊரே திரண்டு வருகிறது, ஆனால் எழுதிய சிலந்தியை விட்டுவிட்டுப் பன்னியைத்தான் கும்பிடாத குறையாகப் பார்க்கிறது. எழுதுகிறவர்கள் நிலைமை எங்கும் அதுதான்.

நம் ஊர்க் கதைகளிலும் மிருகம் வாய் திறந்து மனுஷனிடம் நியாயம் கேட்பது அபூர்வம். திருவாரூர்ப் பசு மணிதான் அடித்தது. மூலன் என்ற இடையன் செத்துக் கிடந்தபோது அவன் மாடுகள் சுற்றி நின்று கண்ணீர்தான் விட்டன. அதைப் பார்த்துத் தாங்காத சித்தர் அவன் உடம்புக்குள் புகுந்து திருமூலர் ஆனார். பசு மணி அடித்த மாதிரிதான் சார்லட் எழுதுகிறாள். இதைச் சொன்னபோது அம்மா தலையாட்டினாள், அடுத்த காட்சிக்கு மொழிபெயர்ப்பே கேட்கவில்லை.

இருந்தும் இந்தப் படத்தை எங்கள் வீட்டில் இன்னொரு முறை போட எனக்குத் தைரியமில்லை. காரணம் போன சித்திரை. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குச் சின்னவள் புஜ்ஜி என்று பெயர் வைத்துவிட்டாள். எங்களுக்குத் தெரியாமல் அதற்குப் பிஸ்கட் ஊட்டி, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, கூப்பிட்டால் ஓடிவரும் அளவுக்குப் பழக்கியிருந்தாள். வெட்டுகிற அன்று அக்கா அவளைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இலையைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் ரசத்தை வாங்கிக் குடித்தாள். "நேந்துவிட்ட ஆட்டுக்குப் பேரு வைக்கக் கூடாது" என்று அம்மா அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாள். வில்பருக்குப் பெயர் வைக்கிற காட்சி வந்தபோது சின்னவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூண்டைப் பார்த்தாள்.

கடைசியில் சார்லட் சாகிறாள். முட்டைப் பையை வில்பர் காப்பாற்றுகிறான். அது தெரிந்தேதான் போட்டேன். இருவரும் அழுதார்கள். பெரியவள் மட்டும் நாவலையும் கேட்டிருக்கிறாள். அவள் வயசுக்கு இது சரி, ஆறு வயசுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம்.

'சிக்கன் ரன்' 2000-ல் ஆர்ட்மேன் என்ற பிரிட்டிஷ் ஸ்டூடியோ எடுத்த படம், களிமண் போன்ற பிளாஸ்டிசினில் உருவம் பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் அசைத்து எடுத்தது. பண்ணைக்குச் சுற்றிலும் முள்வேலி, கோழிகள் கைதிகள், ஜிஞ்சர் என்ற கோழி தப்பிக்கத் திட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறாள். பழைய போர்க்கைதிப் படங்களைக் கிண்டலடிப்பது பெரியவர்களுக்குப் புரியும். பிள்ளைகளுக்கு, கோழிகளைக் கறி அடைத்த 'பை' (pie) பலகாரமாக்கும் அந்த ராட்சத இயந்திரம் போதும். கோழிகள் கூடிச் சதி செய்கின்றன என்று சந்தேகப்படுகிற பண்ணைக்காரரை அவர் மனைவி நம்புவதே இல்லை. சிரிப்புக்குக் குறைச்சலே இல்லாத படம் நான்கில் இதுதான், வேகமும் இதில்தான். ஆனால் எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் பேசுவதால் மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை வற்றிவிடும். முதல் கால் மணி நேரத்துக்குள் முட்டையிடாத எட்வினாவைக் கொண்டுபோய்விடுகிறார்கள், கோடாலி நிழலாகத் தெரிகிறது. நம் முட்டையில் ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாமே என்று மற்ற கோழிகள் அங்கலாய்க்கின்றன. இந்த இடத்தை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். செய்திருக்கக் கூடாது.

நான்காவது 'ஷான் த ஷீப்' திரைப்படம், 2015, அதே ஆர்ட்மேன். இதில் யாருமே பேசுவதில்லை, மனுஷர்கள்கூட வாய்க்குள் முனகுவதோடு சரி. எனக்கு அன்று முழு ஓய்வு. நினைவு தப்பி நகரத்தில் திரிகிற பண்ணைக்காரர், ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த கை மறக்காமல், ஒரு சலூனில் புகுந்து பிரபலமாகிவிடுகிறார். அம்மா இதில்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பேசும் மிருகங்கள் கேட்டு வந்தவர்களுக்கு ஜெயித்த படம் ஊமைப்படம். அடுத்த நாள் வெயில் அடித்ததால் மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அது, பாரத் மெரினோ வளர்க்கிறார்கள். சின்னவள் வேலியைப் பிடித்துக்கொண்டு "ஷான்!" என்று கத்தினாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. "கறுப்பு மூஞ்சி இல்ல சித்தி, இது வேற ஜாதி" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவுக்கு 'ஆட்டுக்கார அலமேலு' ஞாபகம் வந்தது. 1977, ஸ்ரீபிரியா, அந்தக் கிடா. நம் படங்களில் மிருகம் எஜமானிக்காக வில்லனை முட்டும், துரத்தும், சாட்சி சொல்லாத குறை. அதற்கென்று சொந்தக் கஷ்டம் எதுவும் இருக்காது. இந்த நான்கில் ஷானைத் தவிர மற்ற மூன்றிலும் மிருகத்துக்கு முதல் பிரச்சினையே எஜமானன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு. அம்மாவுக்கு அலமேலுதான் உசத்தி. நான் கட்சி மாறிவிட்டேன். ஒன்றே ஒன்று என்றால் எனக்கு 'பேப்', வீடே சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் ஷான்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது முட்டை வைக்காமல் தின்றுகொண்டிருந்த செவலைக் கோழியைப் பற்றி அம்மா, "ஞாயித்துக்கிழமை ஆகட்டும்" என்று சொன்னாள். மறுநாள் காலையில் கூடையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். செவலை நாட்டுக்கோழி, பளிச்சென்று வெள்ளை வெளேரென்று, கடையில் விற்கிற மாதிரி ஒரு முட்டை இட்டிருந்தது. அம்மா அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். சின்னவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இதுக்குப் பேரு என்ன வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"எட்வினா."